கடைசியில் தூண்டப்படும் சுவர்: இதய ஒத்தியக்கச் சிகிச்சையில் மின் அளவீட்டின் இடம்

இடது கற்றைக் கிளை அடைபட்ட இதயத்தில் மின்தூண்டல் வலது கீழறைக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்கிறது. இடது கீழறைக்கோ விரைந்து கடத்தும் நார்களின் வழி மூடிக் கிடக்கிறது. தூண்டல் இடைச்சுவரின் தசைக்குள் ஊர்ந்து வரவேண்டியிருக்கிறது. இடைச்சுவர் சுருங்கித் தளரும் வேளையில்தான் எதிரே உள்ள பக்கச்சுவர் சுருங்கத் தொடங்குகிறது. வெளியேற வேண்டிய இரத்தத்தில் ஒரு பகுதி உள்ளேயே அலைக்கழிகிறது. இரு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டும் பேஸ்மேக்கர் இந்தத் தாமதத்தைச் சரிசெய்யவே வந்தது. 2005இல் வெளியான கேர்-எச்எஃப் ஆய்வு அது உயிரிழப்பையும் குறைப்பதைக் காட்டியது. ஆயினும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை.

பலன் யாருக்கு என்பதை எக்கோவில் தேடியது இத்துறை நெடுநாள் நடந்த தவறான பாதை என்பது என் கருத்து. சுவர்கள் அசையும் நேர வேறுபாட்டைக் கண்ணால் காண முடிந்ததால் அதை நம்பினோம். 2008இன் பிராஸ்பெக்ட் ஆய்வு 53 மையங்களில் 12 எக்கோ அளவுகளைச் சோதித்தது. தனித்து நம்பத்தக்கதாக ஒன்றுகூடத் தேறவில்லை. 2013இன் எக்கோ-சிஆர்டி இன்னும் கடுமையான பாடம். ஈசிஜியில் கீழறைகளின் தூண்டல் நேரத்தைக் காட்டும் கியூஆர்எஸ் அகலம் 130 மில்லிவினாடிக்குக் குறைவாக இருந்து, எக்கோவில் மட்டும் ஒத்திசைவின்மை தெரிந்தவர்களுக்கு இக்கருவி பொருத்தப்பட்டது. தூண்டல் பெற்ற குழுவில் 45 பேர் இறந்தனர். பெறாத குழுவில் 26 பேர். மின்கடத்தலில் கோளாறு இல்லாத இடத்தில் மின்சிகிச்சை தீங்காகவே முடிந்தது.

ஆனால் கியூஆர்எஸ் அகலம் இரு கீழறைகளுக்குமான கூட்டுத்தொகை. இடது கீழறையைத் தூண்டும் பேஸ்மேக்கர் கம்பியின் முனை எந்தச் சுவரில் நிற்கிறது, அங்கே தூண்டல் எப்போது வருகிறது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது கியூஎல்வி: ஈசிஜியில் கியூஆர்எஸ் தொடங்கும் கணத்திலிருந்து இடது கம்பியின் முனையில் மின்னலை பதிவாகும் கணம் வரையிலான நேரம். ஸ்மார்ட்-ஏவி ஆய்வின் துணைப்பகுதியாக 2011இல் வெளிவந்த முடிவில், இந்த இடைவெளி 95 மில்லிவினாடிக்கு மேல் இருந்தவர்களிடம் விரிந்த கீழறை கூடுதலாகச் சுருங்கியிருந்தது. இதை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். கம்பி ஏற்கெனவே சிரைக்குள் இருக்கிறது. திரையில் அலையும் ஓடுகிறது. நான்கு மின்முனைகள் கொண்ட கம்பியென்றால் அவற்றுள் மிகத் தாமதமானதையும் தேர்ந்துகொள்ளலாம்.

தாமதம் மிகுந்த இடமே எப்போதும் சிறந்த இடம் என்று வாதிடவில்லை. மாரடைப்பின் தழும்புக்குள் தூண்டல் மெதுவாகத்தான் போகும். அங்கும் எண் பெரிதாக வரும். அங்கிருந்து தூண்டினாலோ அலை வெளியேறவும் அதே தாமதம் பிடிக்கும். இடது கற்றைக் கிளை அடைப்பு இல்லாதவர்களிடம் கியூஎல்வி வழிகாட்டலைச் சோதித்த என்ஹான்ஸ் சிஆர்டி ஆய்வு, வழக்கமான முறையைவிட மேலான பலனைக் காட்டாததற்குத் தாமதத்தின் காரணங்கள் அங்கே கலந்து கிடந்ததே விளக்கமாகலாம் என்று கருதுகிறேன். எனவே அந்த எண்ணுடன், தசையைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச மின்அளவான தூண்டல் வாசலையும், தூண்டிய பின் கியூஆர்எஸ் எவ்வளவு குறுகியது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். இம்மூன்றும் ஒவ்வொரு அறுவை அறிக்கையிலும் பதிவாகவேண்டும். பலன் கிட்டாத நோயாளி ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது, கம்பி இருக்கும் இடம் தவறா, நோயே வேறா என்று பிரித்தறிய நம் கையில் இருக்கப்போவது அந்தப் பதிவுதான்.

இப்போது பரவிவரும் இடது கற்றைப் பகுதித் தூண்டலில் கம்பி இடைச்சுவருக்குள் திருகப்படுகிறது. கற்றை பிடிபட்டதா என்பதை அங்கும் எக்ஸ்ரே படம் உறுதிசெய்வதில்லை. தூண்டியதிலிருந்து ஈசிஜியின் வி6 அலையின் உச்சம் வரை எத்தனை மில்லிவினாடி என்று அளந்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.