ஏரியும் குடிமராமத்தும்

திருவள்ளூரை அடுத்த காக்களூரைத் தொழிற்பேட்டையால் இன்று பலர் அறிவர். தொழிற்பேட்டைக்கு வெகு காலம் முன்பே இப்பகுதி ஊர்களை வாழவைத்தவை ஏரிகள். வற்றாத ஆறில்லாத தொண்டை மண்டலத்தில் அவை சங்கிலித்தொடராக அமைந்தன. மேல் ஏரியின் உபரிநீர் கலங்கல் வழியே கீழ் ஏரிக்குப் போகும். கலங்கல்மேல் வரிசையாக நட்ட கற்களின் இடைவெளியை மழைக்காலக் கடைசியில் மண்ணிட்டு அடைத்து, இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்துவைத்தார்கள். வெள்ளம் வந்தால் அடைப்பைத் திறந்துவிடலாம். என்ன நுட்பமான ஏற்பாடு!

921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் தேர்ந்தெடுத்த ஏரி வாரியத்தைப் பற்றிச் சொல்கிறது. ஊரார் கூடி ஏரியைத் தூர்வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் பிற்காலத்தில் குடிமராமத்து எனப்பட்டன. ஆங்கிலேயர் ஆட்சியில் பாசன நிர்வாகம் அரசின் கைக்குப் போனது. ஊராரின் மராமத்து உழைப்பை 1858ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டது பெரும் பிழை. ஊருக்கும் ஏரிக்கும் இருந்த பழைய பிணைப்பு திரும்பவில்லை.

1944இல் கொசஸ்தலையாற்றில் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்து, சென்னைக்குக் குடிநீர் தந்தது. 2007இல் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றத் தனிச்சட்டம் வந்தது. 2017இல் குடிமராமத்து அரசுத் திட்டமாகத் திரும்பியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ ஏற்றனர்.