பினாங்கு வக்பு நிலங்கள்: முத்தவல்லி முதல் வாரியம் வரை

வக்பு நிலத்தை விற்கக் கூடாது, தானமாக எழுதிக் கொடுக்கக் கூடாது, வாரிசுகள் பங்கிட்டுக் கொள்ளவும் கூடாது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை நபித்தோழர் உமர் இப்படி நிறுத்திவைத்து, வருவாயை ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் விட்டார் என்கிறது ஹதீஸ். வக்பைப் பார்த்துக்கொள்ளும் முத்தவல்லிக்கு நிலம் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். நியாயமான அளவு தாம் உண்ணலாம், சொத்துச் சேர்க்கலாகாது. ஆட்சிப் பதவியும் அமானிதமே என்பது இஸ்லாமிய அரசியல் சிந்தனையின் பழைய கருத்து. அமானிதங்களை உரியவரிடம் சேர்க்கச் சொல்லும் குர்ஆன் வசனத்தை (4:58) முன்வைத்தே 14-ஆம் நூற்றாண்டில் இப்னு தைமியா ஆட்சிநெறி பற்றிய தம் நூலைத் தொடங்கினார்.

பினாங்கில், சுங்கை பினாங் ஆற்றுக்கு வடக்கே உள்ள பழைய ஜார்ஜ் டவுனில் இந்த நெறி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதனைக்கு உள்ளானது. 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் கொடுத்தது. பெற்றவர் தென்னிந்திய வணிகர் காதர் முகைதீன் மெரிக்கான். கம்பெனி ஏற்ற கப்பித்தான் கிளிங், அதாவது தென்னிந்தியச் சமூகத் தலைவர், அவர். பள்ளிவாசலுக்கு அவர் பதவிப் பெயரே நிலைத்துவிட்டது. அடுத்தடுத்த தலைமுறைகளில் வசதியுள்ள தமிழ் முஸ்லிம்கள் பலரும் வீடு, கடை, தோப்பு என்று எழுதிவைத்தார்கள்.

எழுதிவைத்தவர் போனபின் கணக்குக் கேட்பது யார்? ஷரீஅத்தில் முத்தவல்லியைக் கேள்வி கேட்க, தவறினால் நீக்க, நீதிபதியான காஜிக்கு அதிகாரம் உண்டு. பினாங்கில் அந்த இடத்தில் ஆங்கிலேய நீதிமன்றம் உட்கார்ந்தது. அதன் அளவுகோல் வேறு. 1871-இல் ஃபாத்திமா எதிர் லோகன் வழக்கில், ஒரு முஸ்லிம் செல்வர் கந்தூரி என்னும் நினைவு விருந்துக்கென உயிலில் ஒதுக்கியது செல்லாது என்று தீர்ந்தது: பொது நன்மை இல்லாமல் சொத்தை என்றைக்குமாகக் கட்டிப்போட ஆங்கிலச் சட்டம் இடம் தராது. அமானிதம் என்ற அச்சம் முத்தவல்லியின் மனத்தில் இருந்தால் நிலம் தப்பியது. இல்லாவிட்டால் வாடகையோடு பத்திரமும் மறைந்தது.

முறைகேடுகள் பெருகவே, 1905-இல் பினாங்கை ஆண்ட நீரிணைக் குடியேற்ற அரசு முகமதிய, இந்து அறக்கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளிவாசல் சொத்தும் கோயில் சொத்தும் ஒரே வாரியத்தின் கீழ் வந்தன. மதநெறியின் பேரில் அல்ல, வரவு செலவின் பேரில் நடந்த மேற்பார்வை அது. ஆனாலும் காஜியின் பழைய வேலையில் பாதியை அது செய்தது என்றே சொல்லவேண்டும். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் நியூபிரானர் என்ற கட்டடக்கலைஞரின் வரைபடத்தில் இன்றைய உருவம் பெற்றதும் வாரியத்தின் காலத்தில்தான்.

மலாயாவின் விடுதலைக்குப் பின், 1959-ஆம் ஆண்டு முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் பினாங்கின் வக்புகளை மாநில இஸ்லாமிய சமய மன்றத்திடம் ஒப்படைத்தது. இந்துச் சொத்துகள் தனி வாரியத்தில் நின்றன. இப்போது சட்டப்படி மன்றம் ஒன்றே அறங்காவலர். உமர் காலத்து நிபந்தனைகளின்படி வாடகையையும் குத்தகையையும் நடத்தும் பொறுப்பு தனி மனிதரைவிட்டு அரசு அமைப்பின் கைக்கு வந்துவிட்டது.