ரஸ்ட் கம்பைலரும் ரெண்டு பிட்செட்டும்

மென்பொருள் வரலாறுன்னா நம்மாளுங்க பில் கேட்ஸ், லினஸ் டோர்வால்ட்ஸ்னு பெரிய தலைகளைப் பத்தித்தான் எழுதறோம். ஒரே வேலையைச் செஞ்சுக்கிட்டிருந்த ரெண்டு கோப்பை ஒண்ணாக்கினதுக்கும் ஒரு வரலாறு உண்டு. இன்னிக்கு அந்த மாதிரி ஒரு சின்ன சங்கதி. ப்ரோக்ராம் எழுதாதவங்களும் ஓடிடாதீங்க, ரொம்ப பயமுறுத்த மாட்டேன் :-)

முதல்ல பிட்செட்னா என்ன? ஒரு ஃபங்ஷன்ல 1,000 வேரியபிள் இருக்குன்னு வச்சுக்கோங்க. இந்த இடத்துல எதுக்கெல்லாம் மதிப்பு வந்தாச்சு, எதுக்கு இன்னும் வரலைன்னு கம்பைலர் குறிச்சு வைக்கணும். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரிதான். ஆளுக்கு ஒரு கட்டம், வந்தா 1, வராட்டி 0. இப்படி 64 கட்டத்தை ஒரே எண்ணுக்குள்ள அடைச்சிடலாம். ஆக 1,000 வேரியபிளுக்கு 16 எண், மொத்தம் 128 பைட். ரெண்டு பதிவேட்டை ஒண்ணா சேர்க்கணுமா? 16 தடவை 'ஆர்' போட்டா முடிஞ்சது. சின்ன வேலைதான், ஆனா கம்பைலர் இதை லட்சக்கணக்கான தடவை செய்யும்.

2018-ல ரஸ்ட் கம்பைலருக்குள்ள இந்தப் பதிவேடு ரெண்டு இடத்துல இருந்தது. 'பிட்வெக்'னு ஒரு கோப்பு, 'இண்டெக்ஸ்டு செட்'னு இன்னொண்ணு. உள்ளே ரெண்டும் அதே பிட்டுகள்தான். ஆனா ஒண்ணுல உறுப்பைச் சேர்க்க 'இன்சர்ட்', இன்னொண்ணுல 'ஆட்'. யாரும் திட்டம் போட்டு ரெண்டா வைக்கல. வெவ்வேற ஆளுங்க வெவ்வேற நேரத்துல அவங்கவங்க அவசரத்துக்கு எழுதினது, அப்படியே நின்னு போச்சு.

'இருந்துட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சு'ன்னு கேக்கலாம். அந்த வருஷம்தான் ரஸ்ட் தன்னோட 'பாரோ செக்கரை'ப் புதுசா மாத்திக்கிட்டிருந்தது. நினைவகத்தை யார் எப்போ தொடலாம்னு சரிபார்க்கிற காவலாளி அது. புதுசு புத்திசாலி, ஆனா மெதுவா ஓடுச்சு. அப்போ மொசில்லாவில் இருந்த நிகோலஸ் நெதர்கோட் அதை வேகப்படுத்த இறங்கினார். வால்கிரின்ட் கருவியை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர்னா பலருக்குப் புரியும். பெரும்பாலான செட்ல நாலஞ்சு உறுப்புதான் இருக்கு, அதுக்கு எதுக்கு முழுப் பதிவேடுன்னு பார்த்து, ஆகஸ்டில் ஒரு கலப்பு வடிவம் கொண்டு வந்தார். 8 உறுப்பு வரைக்கும் சும்மா ஒரு பட்டியல், அதைத் தாண்டினா முழுப் பதிவேடு.

பிரச்சினை என்னன்னா, இந்த நல்லது நடந்தது ஒரு கோப்புல மட்டும். இன்னொரு கோப்பை நம்பியிருந்த பகுதிக்கு ஒரு பலனும் இல்லை. இரட்டிப்பு இருந்தா இதுதான் நடக்கும். ஒரு பக்கம் போட்ட உரம் மறுபக்கம் போய்ச் சேராது.

அடுத்த மாசமே ரெண்டையும் ஒண்ணாக்கினார். ஒண்ணைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு மத்ததை வச்சுக்கல. ரெண்டுலயும் இருந்த நல்லதை எடுத்துக் கோர்த்தார். முக்கியமா, அளவு மாறாத செட் தனி, தானா வளர்ற செட் தனின்னு பேரிலேயே பிரிச்சு, 'பிட்செட்', 'க்ரோவபிள் பிட்செட்'னு வச்சார். ஒவ்வொரு பிட்செட்டும் தன் எல்லையைத் தானே நினைவு வச்சுக்கும். எல்லைக்கு வெளியே இருக்கிற எண்ணைச் சேர்க்கப் பார்த்தா அங்கேயே நிறுத்திடும். அந்த டிசம்பர்ல ரஸ்ட் 1.31 புது காவலாளியோட வெளியே வந்தது.

இதோட சுபம் போட்டுடலாம்னு பார்த்தா, கதை திரும்புது. ஒரு லட்சம் கட்டம் உள்ள பதிவேடு சுமார் 12,500 பைட். 10,000 இடத்துல ஒண்ணொண்ணு வச்சா 12.5 கோடி பைட்! அதனால 2022-ல அதே நெதர்கோட் 'சங்க்டு பிட்செட்'னு புது வடிவம் சேர்த்தார். 2,048 கட்டத்துக்கு ஒரு துண்டு. ஒரு துண்டு முழுக்க 0 அல்லது முழுக்க 1-ன்னா அதை விரிச்சு எழுதவே வேண்டாம். 2024 கடைசியில அவரோட பழைய கலப்பு வடிவத்துக்கு ஓய்வு கொடுத்தாச்சு. பழைய 'பிட்செட்' இப்போ 'டென்ஸ் பிட்செட்'.

அப்போ ஒண்ணாக்கினது வீணா? இல்லீங்க. முன்னாடி ரெண்டு இருந்தது தற்செயலா. இப்போ பல இருக்கிறது தேவைக்காக. எதை எப்போ எடுக்கணும்னு பேரே சொல்லுது, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கு. ஜிசிசி கம்பைலர்லயும் இப்படித்தான். காலி இடம் நிறைய உள்ள செட்டுக்கு ஒரு வடிவம், அளவு நிலையான செட்டுக்கு இன்னொண்ணுன்னு தெரிஞ்சே வச்சிருக்காங்க.

ஆக 'ஒரே மாதிரி ரெண்டு இருக்கே'ன்னு கண்ணுல பட்டதும் அழிக்கக் கை பரபரக்கும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி: ரெண்டா இருக்கிறதுக்குக் காரணம் இருக்கா, இல்ல யாரும் கேக்காததால ரெண்டா இருக்கா?

உங்க ப்ராஜெக்ட்ல இப்படி எத்தனை ஜோடி இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. பேர் போடாமலே சொல்லலாம் ;-)