ஐம்பது டாலர் படகு

உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு தார் லாரி வந்து மோதுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் காலி. வாசல், கிணறு, தோட்டம் எல்லாம் தார். லாரி முதலாளி சாவகாசமாக வருகிறார். 'வண்டி சுக்குநூறாப் போச்சு சார். ஸ்டெப்னி டயர் ஒண்ணுதான் மிச்சம். அதை வித்தா என்ன கிடைக்குமோ, அதுதான் உங்களுக்கு நஷ்டஈடு. சட்டம் அப்படித்தான் சொல்லுது!'

சிரிக்காதீர்கள். 1967-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குக் கிட்டத்தட்ட இந்தக் கதிதான் நேர்ந்தது.

கப்பலின் பெயர் டாரி கேன்யன். அமெரிக்காவில் கட்டி, பிறகு ஜப்பானில் வெட்டி நீட்டிப் பெரிதாக்கிய ராட்சத டாங்கர். அதன் ஜாதகத்தைக் கேளுங்கள். சொந்தக்காரர் பாராகூடா என்ற பெர்முடா கம்பெனி. கொடி லைபீரியா நாட்டுடையது. நீண்டகால வாடகைக்கு எடுத்தது கலிஃபோர்னியாவின் யூனியன் ஆயில். அவர்களிடமிருந்து அந்த நடைக்கு எடுத்தது பிரிட்டிஷ் பெட்ரோலியம். கேப்டன் இத்தாலிக்காரர். எண்ணெய் குவைத்துடையது. ஏதாவது ஏடாகூடமானால் யார் சட்டையைப் பிடிப்பது?

ஏடாகூடம் ஆனது. மார்ச் 18, சனிக்கிழமை காலை. அன்று இரவு கடல் பொங்கும் நேரத்துக்குள் வேல்ஸில் உள்ள மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். விட்டால், அவ்வளவு பெரிய கப்பல் உள்ளே நுழையும் அளவுக்குத் தண்ணீர் ஏற இன்னும் பல நாள் காத்திருக்க வேண்டும். கேப்டன் குறுக்கு வழியில் விட்டார். கார்ன்வாலுக்கும் சில்லித் தீவுகளுக்கும் நடுவே இருக்கும் செவன் ஸ்டோன்ஸ் பாறைக்கூட்டத்தில் கப்பல் முழு வேகத்தில் போய் ஏறியது. உள்ளே சுமார் 1 லட்சத்து 19 ஆயிரம் டன் கச்சா எண்ணெய்!

அதற்குமுன் இத்தனை எண்ணெய் கடலில் கொட்டியதே இல்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. டிடர்ஜென்ட்டை டன் டன்னாகக் கொட்டினார்கள். எண்ணெயைவிட அதுதான் கரையோர உயிர்களை அதிகமாகக் கொன்றது என்று பிறகு தெரிந்தது. இழுத்து மீட்கப்போன டச்சுக் குழுவின் தலைவர் வெடிவிபத்தில் இறந்தார். கடைசியில் போர்விமானங்களை அனுப்பிக் குண்டு போட்டு எண்ணெயைக் கொளுத்தினார்கள். பாறைமேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கப்பல்... அதற்கே நாலில் ஒரு குண்டு குறி தவறியது! பத்திரிகைகள் விடுமா? கிழித்துவிட்டன. எண்ணெயோ கார்ன்வாலோடு நிற்காமல் பிரான்ஸின் பிரிட்டனி கடற்கரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள் செத்தன.

இப்போது பில்லை யாரிடம் நீட்டுவது?

கப்பல்காரர்கள் அமெரிக்க கோர்ட்டுக்குப் போய் 1851-ம் வருஷத்துச் சட்டம் ஒன்றை எடுத்து விட்டார்கள். பாய்மரக் காலத்துச் சட்டம். கப்பல் புறப்பட்டால் மாதக்கணக்கில் தகவலே வராது. நடுக்கடலில் கேப்டன் செய்யும் கோளாறுக்குக் கரையில் இருக்கும் முதலாளி சொத்தையெல்லாம் இழந்தால் அப்புறம் யார் கப்பல் விடுவான்? அதனால், முதலாளிக்கே தெரிந்து நடந்த தப்பு இல்லையென்றால், விபத்துக்குப் பிறகு கப்பலில் எது மிஞ்சுகிறதோ அதன் மதிப்புதான் நஷ்டஈட்டின் உச்சவரம்பு. அந்தக் காலத்துக்கு நியாயம்தான். டாரி கேன்யனில் மிஞ்சியது என்ன? ஒரே ஒரு உயிர்காப்புப் படகு. மதிப்பு 50 டாலர்!

பிரிட்டன் வேறு வழி தேடியது. பாராகூடாவுக்கு லேக் பலூர்ட் என்று இன்னொரு டாங்கர் இருந்தது. அது எந்தத் துறைமுகத்தில் ஒதுங்கும் என்று காத்திருந்தார்கள். அதே வருஷம் ஜூலையில் சிங்கப்பூரில் நின்றது, சில மணி நேரம் மட்டும். ஒரு இளம் வக்கீல் படகில் போய் ஏறி, கோர்ட் உத்தரவைக் கொடிமரத்தில் ஒட்டிவிட்டார். விஸ்கி விற்க வந்த ஆள் என்று நினைத்து மாலுமிகள் அவரை மேலே விட்டதாகச் சொல்வார்கள். 30 லட்சம் பவுண்டுக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் கப்பல் நகர்ந்தது. 1968-ல் பிரான்ஸ் அதே கப்பலை ராட்டர்டாமில் மடக்கியது. 1969 நவம்பரில் 30 லட்சம் பவுண்டுக்குச் சமரசம். இரண்டு நாடுகளும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டன.

யோசித்துப் பாருங்கள். இரண்டு பெரிய அரசாங்கங்கள் கடன் வசூல் பண்ணும் ஆள்போல துறைமுகம் துறைமுகமாக ஒரு கப்பலைத் துரத்த வேண்டியிருந்தது. பாராகூடாவுக்கு அந்த இரண்டாவது கப்பல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்?

அந்த அவமானம்தான் வேலை செய்தது. அதே நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் நாடுகள் கூடிப் புது ஒப்பந்தம் போட்டன. இனி கேப்டன் தூங்கினாரா, முழித்திருந்தாரா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. எண்ணெய் கொட்டினால் கப்பல் உரிமையாளர் பொறுப்பு. போர், பேரிடர் மாதிரி சில விதிவிலக்குகள்தான். 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றினால் இன்ஷூரன்ஸ் கட்டாயம். கூடவே இன்னொரு ஒப்பந்தம்: தன் கடற்கரைக்குப் பெரிய ஆபத்து என்றால், நடுக்கடலில் அந்நியக் கொடி பறக்கும் கப்பல்மீதும் ஒரு நாடு நடவடிக்கை எடுக்கலாம். குண்டு போட்ட பிறகு வந்த அனுமதி!

ஆனால், இதில் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. பொறுப்பை ஏற்ற கப்பல்காரர்களுக்கு உச்சவரம்பை விட்டுக்கொடுத்தார்கள். டன்னுக்கு இவ்வளவு, அதற்குமேல் கிடையாது. எண்ணெய்க்குச் சொந்தக்காரர் முதல் வரிசையில் இல்லவே இல்லை. அது உறுத்தியதால் 1971-ல் எண்ணெயை இறக்குமதி செய்பவர்கள் பணம் போடும் தனி நிதிக்கு ஒப்பந்தம் ஆனது. அமலுக்கு வந்தது 1978 அக்டோபரில். அதற்கு ஏழு மாதம் முன்னால், அதே பிரிட்டனி கரையில் அமோக்கோ காடிஸ் உடைந்து இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் கொட்டியது. பிரான்ஸ்காரர்கள் மறுபடி அமெரிக்க கோர்ட் படி ஏறினார்கள். முடிய 1992 ஆனது.

அமெரிக்கா இந்த நஷ்டஈட்டு ஒப்பந்தங்களில் சேரவே இல்லை. 1989-ல் எக்ஸான் வால்டெஸ் அலாஸ்காவில் கொட்டிய பிறகு, 1990-ல் சொந்தமாகக் கடுமையான சட்டம் போட்டது. எண்ணெய்க் கசிவு வழக்குகளில் பழைய பாய்மரச் சட்டத்தைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று ஆக்கியது. எண்ணெய்க்கு மட்டும்தான். 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தில் டாலி என்ற சரக்குக் கப்பல் மோதி ஆறு தொழிலாளர்கள் இறந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? சில நாளிலேயே கப்பல்காரர்கள் கோர்ட்டில் மனு போட்டார்கள், எங்கள் பொறுப்பு 4.36 கோடி டாலருக்குமேல் போகக்கூடாது என்று. காட்டிய சட்டம், அதே 1851.