எழுத்தறியாதவர் அவையேறினார்

ஏர் பிடித்த கை ஏடு பிடிக்கலாகாது என்றனர். வயலில் இறங்கலாம், வழியில் நடக்கலாகாது என்றனர். நெல் விளைத்துத் தரலாம், நெருங்கி நிற்கலாகாது என்றனர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வெங்கானூர்ச் சிற்றூரில், 1863 ஆகஸ்ட் 28ஆம் நாள், புலையர் குடும்பத்தில் பிறந்த அய்யன்காளிக்குச் சாதி வகுத்து வைத்திருந்த விதி இது. இன்றைய குமரி மாவட்டமும் அந்நாளில் அந்த அரசின் ஆட்சிக்குட்பட்டே இருந்தது. ஆகவே இது அயலார் கதையன்று, அடுத்த வீட்டுக் கதை.

விதியை அவர் விண்ணப்பம் எழுதி மாற்ற முனையவில்லை. எழுதவும் அவருக்குக் கற்றுத் தரப்படவில்லை. 1893இல் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளாடை உடுத்தி, தலைப்பாகை கட்டி, தம் மக்கள் கால் வைக்கலாகாது என்று தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையிலே ஓட்டினார். தடுத்தனர், தாக்கினர். வண்டி நிற்கவில்லை. 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார்.

ஸ்ரீமூலம் பிரஜா சபை 1904இல் தொடங்கியது. நிலமும் வணிகமும் உடையோர் வீற்றிருந்த அவை அது. அங்கே புலையர் குறைகளை எடுத்துரைத்தவர் 'சுபாஷினி' ஆசிரியர் பி. கே. கோவிந்தப் பிள்ளை. ஒடுக்கப்பட்டோருக்காக ஒடுக்கப்பட்டவரே பேச வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். திவான் பி. ராஜகோபாலாச்சாரி காலத்தில், 1911 டிசம்பரில், அய்யன்காளி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். சட்டம் இயற்றும் அதிகாரம் அந்த அவைக்கு இல்லை. குறை கூறலாம், கோரிக்கை வைக்கலாம். அவ்வளவே. ஆயினும் அந்தச் சிறு வாயிலைப் பெருவழியாக்கினார் அவர். 1912இல் எழுந்து, தரிசு நிலத்தை உழுபவனுக்குக் கொடுங்கள் என்றார். பின்னர்ப் பள்ளியில் இடம் கேட்டார், கட்டணச் சலுகை கேட்டார், அரசு வேலை கேட்டார். தமக்கென்று கேட்டதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குரல் அவையிலே ஒலித்தது.

அரசு ஆணை பிறந்தது. ஆனால் ஆணை பிறந்தால் போதுமா? 1914இல் பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவரே அழைத்துச் சென்றார். பள்ளியைத் தீயிட்டுக் கொளுத்தினர். ஒரு சிறுமி பலகையில் அமர்ந்தால் தங்கள் உயர்வு சரிந்துவிடும் என்று அஞ்சியோரின் வீரம் அது!

ஆணையை ஊர் மதிக்காதபோது என் செய்வது? அதற்கும் அவரிடம் விடை இருந்தது: வேலைநிறுத்தம். எம் பிள்ளைக்குப் பள்ளி இல்லையேல் உம் வயலில் களையே முளைக்கும் என்பது அதன் பொருள். வயலில் இறங்க ஆளில்லை. பட்டினி கிடந்தோருக்கு மீனவரோடு கடலிலே வேலை தேடித் தந்தார். ஆண்டவர்கள் இறுதியில் உடன்பாட்டுக்கு வந்தனர். நடுவராக அமைந்தவர் நீதிபதி கண்டலை நாகம் பிள்ளை.

1915இல் கொல்லத்துக் கூட்டத்தில், அடிமைக் குறியாகக் கழுத்தில் தொங்கிய கல்மாலைகளைப் பெண்கள் அறுத்தெறிந்தனர். 1937இல் காந்தியார் வெங்கானூர் வந்தபோது, தம் மக்களுள் பத்துப் பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே அவர் வெளியிட்ட ஆவல். 1936இல் கோயிற்கதவு திறந்துவிட்டிருந்தது. ஆனால் அவர் கண் கல்லூரிக் கதவின்மீது இருந்தது! 1941 ஜூன் 18இல் மறைந்தார். 1980இல் திருவனந்தபுரத்தில் அவருக்குச் சிலை எழுந்தது.

இளைஞர்களே! சிலைக்கு மாலையிடுவது எளிது. அவர் காட்டிய வழி எளிதன்று. அவையிலே கேட்பது ஒரு கை. ஊரிலே திரட்டுவது மறு கை. திரட்டாமல் கேட்பவன் இரப்பவனாகிறான். கேட்காமல் திரட்டுபவன் வாசலிலேயே நின்று விடுகிறான். இரு கைகளும் சேர்ந்தபோதுதான் பூட்டிய பள்ளி திறந்தது. நம் தொகுதியில் வாக்குக் கேட்டு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: சேரியின் பாதையும் பள்ளியும் நிலமும் உம் நாவில் ஏறுமா? ஏறிய பின், அவற்றை நிறைவேற்ற நீர் எங்களோடு தெருவில் நிற்பீரா?