பென்னிகுவிக் ஊர்த் தம்பதி

முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுவிக்கைத் தேடப்போய், அவர் குடும்பப் பெயருக்கு மூலமான ஊரில் போய் நின்றேன். ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கிறது. அவ்வூர்ப் பிரபு சர் ஜான் கிளார்க்கையும் மனைவியையும் 1791-ல் ஹென்றி ரேபர்ன் ஒரே ஓவியமாக வரைந்தார். இப்போது அது டப்ளினில், அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது.

சர் ஜான் கையை நீட்டி நிலத்தைக் காட்டுகிறார். 'எல்லாம் நம்மளுதுதான்' என்கிற ஜமீன்தார் தோரணை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வெளிச்சத்தைக் கவனிங்க. அது இருவருக்கும் பின்னாலிருந்து வருகிறது. தொப்பிக்குக் கீழே அவர் முகம் நிழலில் கிடக்க, மனைவியின் வெள்ளை உடைதான் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. நிலத்துக்காரர் முகத்தையே நிழலில் விட ஒரு துணிச்சல் வேணும்! அதனால் ரேபர்னுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது அவரும் 'சர்' ஆனார்.