நார்த்ஸ்டாரும் பேட்வுமனும்: அறிவிப்பு ஒன்று, கதை ஒன்று

அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸில் தன்பாலீர்ப்புள்ள நாயகர்கள் யார் என்று கேட்டால் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று மார்வெல் நிறுவனத்தின் நார்த்ஸ்டார். மற்றொன்று டிசி நிறுவனத்தின் பேட்வுமன். முன்னவன் 1992-இல் தன்னை வெளிப்படுத்திக்கொண்டவன். பின்னவள் 2006-இல் அந்த அடையாளத்தோடே அறிமுகமானவள். இருவரையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது: ஒரு பாத்திரத்தின் பாலீர்ப்பை ஊருக்கு அறிவிப்பதும், அதைக் கதையாக எழுதுவதும் ஒன்றுதானா?

இருவருக்கும் முன்கதை ஒன்றே. 1954-இல் மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தாம், காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு நூலே எழுதினார். பேட்மேனும் ராபினும் ஒரே வீட்டில் வாழ்வது தன்பாலீர்ப்புக் கனவு போல் இருக்கிறது என்பதும் அதிலுள்ள குற்றச்சாட்டுகளில் ஒன்று. அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை நடத்தியது. அரசு கைவைப்பதற்குள் பதிப்பாளர்களே கூடி ‘காமிக்ஸ் கோட்’ என்ற தணிக்கை விதியை வகுத்துக்கொண்டார்கள். ‘பாலியல் பிறழ்வு’ என்று அவர்கள் கருதியதன் சாயல்கூடப் பக்கங்களில் படக்கூடாது என்றது அது. 1956-இல் கேத்தி கேன் என்ற முதல் பேட்வுமன் வந்தாள். பேட்மேனுக்கு ஒரு பெண்ணைச் சேர்த்துவைத்து வெர்தாமின் வாயை அடைக்கவே அவள் படைக்கப்பட்டாள் என்பது காமிக்ஸ் வரலாறு எழுதுவோரிடையே பரவலான கருத்து. 1964-இல் அவளை ஓரங்கட்டிவிட்டார்கள்.

நார்த்ஸ்டார் பிறந்தது அந்த விதி நடப்பில் இருந்த 1979-இல், எக்ஸ்-மென் தொடரின் 120-ஆம் இதழில். ஜான்-பால் போபியே என்பது அவன் இயற்பெயர். கியூபெக் மாநிலத்துப் பிரெஞ்சுக்காரன், பனிச்சறுக்கு வீரன், கர்வி. அரோரா என்று ஓர் இரட்டைச் சகோதரி. அவனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் பைர்ன், தொடக்கம் முதலே அவனைத் தன்பாலீர்ப்பாளனாகத்தான் எண்ணியிருந்தார். ஆனால் 1983-இல் தொடங்கிய, அவனுடைய நாயகர் குழுவின் பெயரிலான ‘ஆல்ஃபா ஃப்ளைட்’ தொடரில் அதை வெளிப்படையாக எழுத வழியில்லை. குறிப்பால் உணர்த்தியதோடு நிறுத்திக்கொண்டார். அடுத்து எழுத வந்த பில் மான்ட்லோ, அவனுக்கு எய்ட்ஸ் வருவதாக ஒரு கதை திட்டமிட்டார். அது நிற்கவில்லை. 1987-இல் வந்த 50-ஆம் இதழில், அவன் உடல்நலிவுக்குக் காரணம் அவனுக்குள் ஓடும் மாயலோகத்து ரத்தம் என்று கதையைத் திருப்பிவிட்டார்கள். அந்த விளக்கமும் பின்னாளில் கைவிடப்பட்டது.

1989-இல் காமிக்ஸ் கோட் விதி தளர்ந்தது. 1992-இல் ஸ்காட் லோப்டெல் எழுதிய ‘ஆல்ஃபா ஃப்ளைட்’ 106-ஆம் இதழில் உண்மை வெளிவந்தது. குப்பையில் வீசப்பட்ட ஒரு பச்சிளங்குழந்தையை நார்த்ஸ்டார் கண்டெடுக்கிறான், அதற்கு எச்.ஐ.வி. தொற்று. அவன் அதைத் தத்தெடுக்க, நாடே அந்தக் குழந்தைக்காக உருகுகிறது. மேஜர் மேப்பிள்லீஃப் என்ற பழைய போர் வீரர் ஆத்திரத்தோடு மருத்துவமனைக்குள் புகுகிறார். அவருடைய மகனும் எய்ட்ஸால் இறந்தவன்தான். தன்பாலீர்ப்பாளன் என்பதால் அவனுக்காக அழ ஆளில்லை. இருவரும் சுவர்களை உடைத்துக்கொண்டு மோதும்போது, குத்துக்கும் குத்துக்கும் நடுவே, நானும் அப்படிப்பட்டவன்தான் என்று நார்த்ஸ்டார் கத்துகிறான். இவ்வளவு காலம் வாய்திறக்காமல் இருந்ததும் குற்றமே என்று கிழவர் அவனைத் திருப்பிக் கேட்கிறார். குழந்தை இறந்த பிறகு, அவன் பத்திரிகைகளுக்கும் உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

கிழவரின் கோபத்தில் உள்ள நியாயம் இன்றும் உறைக்கிறது. ஆனால் நாயகனின் வாழ்க்கையைத் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. அவனுக்குக் காதலன் இல்லை, மனம்விட்டுப் பேச ஒரு நண்பன் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு நோயும் ஓர் அறிக்கையும்தான். 1994-இல் அவன் பெயரிலேயே நான்கு இதழ்த் தொடர் வந்தபோது, இந்த விஷயம் ஏறக்குறைய காணாமலே போயிற்று. ‘ஆல்ஃபா ஃப்ளைட்’ தொடரும் அதே ஆண்டு நின்றது.

பேட்வுமன் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். காமிக்ஸில் முகம் காட்டுவதற்கு முன்பே, 2006 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் செய்தியானாள். கேட் கேன், யூதப் பெண், பணக்கார வீட்டுப் பெண், பெண்களை விரும்புபவள். வெர்தாமுக்குப் பதில் சொல்ல வந்தவளின் பட்டப்பெயர், ஐம்பது ஆண்டு கழித்து இவளுக்கு வந்து சேர்ந்தது. வெறும் விளம்பரம் என்ற முணுமுணுப்பும் கூடவே எழுந்தது. அடுத்த மூன்றாண்டுகள் அவளுக்குப் பெரிதாக வேலை இல்லாததால், அந்த முணுமுணுப்பில் உண்மை இருப்பது போலவும் தெரிந்தது.

2009-இல் நிலைமை மாறியது. பேட்மேன் பிறந்த ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ இதழின் 854-ஆம் எண்ணிலிருந்து அவளே நாயகி. எழுத்து கிரெக் ரக்கா, ஓவியம் ஜே.எச். வில்லியம்ஸ். இரவில் அவள் வேட்டைக்குக் கிளம்பினால் கறுப்பும் சிவப்பும் இரு பக்கங்களிலும் பரவி, கட்டங்களே வௌவால் வடிவில் வெட்டுப்படுகின்றன. பகலில் கேட்டாக இருக்கும்போது கோடுகள் அமைதியாகி, கட்டங்கள் ஒழுங்குக்கு வருகின்றன. இரட்டை வாழ்க்கையை வசனமின்றித் தூரிகையே சொல்லிவிடுகிறது.

அவளுடைய வெளிப்பாடு 859-ஆம் இதழில் வருகிறது. அவள் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவி. படையில் தன்பாலீர்ப்பாளர்கள் வாய்திறக்கக்கூடாது என்ற விதி அமெரிக்காவில் அப்போது அமலில் இருந்தது, 2011-இல்தான் நீங்கியது. அவளைப் பற்றிப் புகார் வருகிறது. மேலதிகாரிக்கு அவளை இழக்க மனமில்லை. மறுத்துவிட்டால் தப்பலாம் என்று வழிகாட்டுகிறார். பொய் சொல்லமாட்டேன் என்பதோ அதே கல்லூரி மாணவர்களின் உறுதிமொழி. அவள் உண்மையைச் சொல்லிப் படிப்பை இழக்கிறாள். கர்னலான தந்தை, மகள் மானத்தைக் காத்துக்கொண்டதாகவே எடுத்துக்கொள்கிறார். அங்கே அடிதடி இல்லை, கூச்சல் இல்லை. ஓர் அறை, ஒரு மேசை, ஒரு கேள்வி.

நார்த்ஸ்டாரின் அறிவிப்பை எடுத்துவிட்டாலும் அவனுடைய பிற சாகசங்கள் அப்படியே நிற்கும். கேட்டின் பதிலை எடுத்துவிட்டால் பேட்வுமனே இல்லை. ஒரு சீருடையைப் பறிகொடுத்ததால்தான் அவள் இன்னொரு சீருடையைத் தேடுகிறாள். நாட்டுக்குச் செய்ய முடியாத சேவையை ஊருக்குச் செய்ய முகமூடி போடுகிறாள். காலத்தின் சலுகையையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். ரக்காவுக்குப் பல இதழ்களும், முகமூடிக்குப் பின்னால் பேட்மேன் என்ற பெயரின் விற்பனை பலமும் கிடைத்தன. லோப்டெலுக்குக் கிடைத்தது இரண்டாம் வரிசைக் குழு ஒன்றின் ஓர் இதழ். இரு நிறுவனங்களும் அப்போது தங்கள் முதல் வரிசை நாயகர்களைத் தொடவில்லை என்பதும் உண்மை.

கல்யாண விஷயத்தில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. நியூயார்க்கில் தன்பாலினத் திருமணம் 2011-இல் சட்டமானது. மறு ஆண்டே ‘அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்’ 51-ஆம் இதழில் நார்த்ஸ்டார், கைல் ஜினாடுவை நியூயார்க் நகரிலேயே மணந்தான். 2013-இல் கேட், காவல் அதிகாரி மேகி சாயரிடம் திருமணத்துக்குச் சம்மதம் கேட்டாள். மேகியும் ஜான் பைர்ன் 1987-இல் படைத்த பாத்திரம்தான். ஆனால் அவர்களுக்குத் திருமணம் கூடாது என்று டிசி தடுத்தது. அப்போது பேட்வுமன் தொடரை எழுதிவந்த வில்லியம்ஸும் உடன் எழுதிய ஹேடன் பிளாக்மேனும் அதை விட்டு விலகினார்கள். நாயகர்களுக்குச் சுகமான சொந்த வாழ்க்கை கூடாது என்பதே நிறுவனம் தந்த விளக்கம். தன்பாலீர்ப்பின் மீதான வெறுப்பு காரணமல்ல என்று வில்லியம்ஸும் சொன்னார். அப்படியே இருந்தாலும், சூப்பர்மேன் 1996-இலேயே திருமணம் செய்துகொண்டவர் என்பதை வாசகர்கள் மறந்திருக்கவில்லை.

ஆக, நார்த்ஸ்டாருக்கு மாலை கிடைத்தது, நல்ல கதை கிடைக்கவில்லை. பேட்வுமனுக்கு நல்ல கதை கிடைத்தது, மாலை கிடைக்கவில்லை. இரண்டில் எது மேல் என்றால், கதையே மேல் என்பேன். கல்யாணம் ஓர் இதழோடு முடிந்துவிடும். வெஸ்ட் பாயின்ட் காட்சி கேட்டின் ஒவ்வொரு இரவுக்கும் காரணமாக நிற்கிறது. ‘ஆல்ஃபா ஃப்ளைட்’ 106-ஆம் இதழை வரலாற்று ஆவணமாகப் படியுங்கள். ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 854 முதல் 860 வரையிலான இதழ்களைக் கதைக்காகவே படியுங்கள்.